புரூட்டசின் மானமும் பிறர்தம் சொல்வன்மையும்

சேக்சுபியரின் 'சூலியசு சீசர்' என்னும் துன்பியல் நாடகம் 1599-இல் இலண்டனில் மேடையேறியதென்பர். அவ்வாண்டுச் செப்டம்பர்த் திங்கள் 21-ஆம் நாள், கூரை வேய்ந்த அரங்கொன்றில் சீசரைப் பற்றிய நாடகமொன்றைக் கண்டதாகத் தாமசு பிளாட்டர் என்னும் சுவிட்சர்லாந்துப் பயணி எழுதிவைத்துள்ளார். அஃது இந்நாடகமே என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. அச்சில் வந்ததோ ஆசிரியர் மறைந்து ஏழாண்டு கழிந்த பின்னர், 1623-இல். நாடகம் சீசரின் பெயர் தாங்கியது. ஆயினும் மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே சீசர் கொல்லப்படுகின்றான். இறுதிவரை நின்று துன்பத்தைத் தாங்குபவன் புரூட்டசே. நல்லோன் என்று பகைவரும் ஒப்பும் அவனை வீழ்த்திய குறை யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அவன் குறிக்கோளாளன், அரசியற் சூழ்ச்சி அறியாதவன் என்று கூறி அமைவார் பலர். அது பிழையன்று, ஆயின் போதாது. சூழ்ச்சி அறியாதார் எல்லாரும் இவனைப்போல் வீழ்வதில்லை. துன்பியல் தலைவனது வீழ்ச்சிக்குத் தீயொழுக்கம் காரணமன்று, ஏதோவொரு தவறே காரணம் என்பது அரிசுடாட்டிலின் கருத்து. புரூட்டசின் தவறு, தன் மானத்தைத் தானே ஒரு சான்றாகக் கொண்டமை எனலாம். மானத்தின் பெயரால் பிறர் தன்னை இயக்குங்கால் அவன் ஆராய்வதில்லை. தான் பிறரை இணக்க முற்படுங்கால் மானத்தைக் காட்டினால் போதும், காரணம் காட்டவேண்டுவதில்லை என்று நம்புகின்றான்.

நாடகத்தில் மீண்டும் மீண்டும் வரும் அவ்வாங்கிலச் சொல்லைத் தமிழில் மானம் என்பதா, நன்மதிப்பு என்பதா என்னும் ஐயம் மொழிபெயர்ப்பார்க்கு எழும். மானம் என்பது தன் நிலையினின்று தாழாமை; ஒருவன் உள்ளத்தில் நிற்பது. நன்மதிப்போ பிறர் தருவது. அவ்வாங்கிலச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் சொல்லுக்கு அரசுப் பதவி என்னும் பொருளும் உண்டு. அதுவும் பிறர் தருவதே. இரு பொருளும் ஒரு சொல்லில் அடங்குதல் நாடகத்திற்குப் பெரிதும் பயன்படுகின்றது. புரூட்டசு தன்னுள் மானத்தைக் காண்கின்றான். மற்றையோர் அவனிடத்து விலைமதிப்புள்ள ஒரு பெயரைக் காண்கின்றனர்.

முதல் அங்கத்தில் காசியசு அவனை அணுகும் முறையை நோக்குக. தான் பேசப்போவது மானத்தைப் பற்றி என்று தொடங்குகின்றான். பின்னர்ச் சொல்வனவோ, சீசர் தைபர் ஆற்றில் நீந்தமாட்டாமல் தவித்ததும், இசுபெயின் நாட்டில் காய்ச்சலால் நடுங்கியதும் ஆகிய கதைகள். இவற்றுள் மானமும் இல்லை, உரோம் நகரின் நன்மையும் இல்லை, உள்ளது பொறாமையே. புரூட்டசு இதனைக் கேட்டும் கேட்டிலன். அடுத்து, மன்னர் ஆட்சியை ஒழித்த அவன் முன்னோனின் பெயர் நினைவூட்டப்படுகின்றது. பின்னர், குடிமக்கள் பலர் எழுதியனபோலக் காசியசே வெவ்வேறு கையெழுத்தில் எழுதிய மடல்கள் அவன் சாளரத்தின் வழியே எறியப்படுகின்றன. இங்கு ஒன்று கருதத்தக்கது. சேக்சுபியர்க்கு மூலமாக அமைந்தது, புளூட்டார்க்கின் வரலாற்று நூலுக்குத் தாமசு நார்த்து 1579-இல் வெளியிட்ட ஆங்கில ஆக்கம். அந்நூலில் மடல்கள் காசியசின் கைவேலை அல்ல. புரூட்டசு எழவேண்டும் என விழைந்த பிறர் எழுதியவை. அவற்றைப் பொய்ம்மடல்கள் ஆக்கியவர் சேக்சுபியர். அம்மாற்றத்தால், நாட்டின் குரல் என்று புரூட்டசு நம்பியது ஒருவனது குரலாகச் சுருங்கிவிடுகின்றது.

ஆயினும் பழி முழுவதும் காசியசின் மேலதன்று. இரண்டாம் அங்கத்துத் தோட்டக் காட்சியில் புரூட்டசு தன்னைத் தானே இணக்கிக்கொள்கின்றான். சீசர் சாகவேண்டும் என்னும் முடிவு முதலில் வருகின்றது. காரணம் அதன்பின் தேடப்படுகின்றது. தனக்குச் சீசர்மேல் சொந்தப் பகை இல்லை என்கின்றான். சீசரின் உணர்ச்சி அறிவை மீறியதை ஒருநாளும் அறிந்ததில்லை என்றும் ஒப்புகின்றான். எஞ்சுவது, முடி சூடினால் மாறக்கூடும் என்னும் ஐயம் ஒன்றே. நடந்தது குற்றமாகாமையால், நடக்கக்கூடுவதைக் குற்றமாக்கி, முட்டையிலேயே பாம்பைக் கொல்லத் துணிகின்றான். அப்பொழுது கைக்கு வரும் மடலோ வாசகம் முற்றுப்பெறாதது. அவ்விடைவெளியைத் தானே நிரப்பிப் படிக்கின்றான்! அவன் மனநிலையைக் காட்ட இதனினும் சிறந்த நிகழ்ச்சி நாடகத்தில் இல்லை. கனவுக்கு வேறு பொருள் கூறியும், அஞ்சினான் என்று அவையோர் நகுவர் எனச் சொல்லியும் தெசியசு சீசரை வீட்டினின்று வெளிக்கொணர்வதும் இவ்வகையினதே.

சூழ்ச்சியில் சேர்ந்தபின் புரூட்டசின் சொல்லே எங்கும் வெல்கின்றது. சூளுரை வேண்டா என்கின்றான்; அந்தோணியைக் கொல்லலாகாது என்கின்றான்; சீசரின் இறுதிக்கடனில் அந்தோணி பேசலாம் என்கின்றான். பின்னிரண்டையும் புரூட்டசின் பெரும் பிழைகள் என்று புளூட்டார்க்கே எடுத்துரைக்கின்றார். காசியசு தீமை முன்னுணர்ந்தும் ஏன் விட்டுக்கொடுக்கின்றான்? குற்றமாகத் தோன்றுவதையும் நற்செயலாகக் காட்டவல்லது புரூட்டசின் பெயர் என்று காசுகா முன்னரே சொல்லியிருக்கின்றான். அவன் மானத்தைப் போர்வையாக வேண்டியவர்கள் அவன் பிழைகளையும் உடன்பெற நேர்ந்தது.

மூன்றாம் அங்கத்தின் இரு சொற்பொழிவுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கவேண்டும். புரூட்டசு உரைநடையில், சுருக்கமாக, எதிரெதிர்த் தொடர்களை நிறுத்துப் பேசுகின்றான். அவன் கிரேக்க மடல்கள் இசுபார்த்தர்போல் சொற்சுருக்கம் உடையன என்று புளூட்டார்க்கு கூறுவதை நினைந்தே ஆசிரியர் இந்நடையை வகுத்தார் போலும். தன் மானத்தை எண்ணித் தன்னை நம்புமாறும், நம்புதற்பொருட்டே அம்மானத்தை மதிக்குமாறும் கேட்கின்றான். இது வட்டமாகச் சுழலும் வாதம். சீசர் பேராசையன் என்பதற்குச் சான்று ஒன்றும் தரப்படவில்லை. கேட்டவருள் ஒருவன் புரூட்டசே சீசர் ஆகட்டும் என்று கூவுகின்றான். எதனை ஒழிக்கக் கொலை செய்தானோ அதனையே அவனுக்குப் பரிசளிக்கின்றனர். பேசிமுடித்தவன், அந்தோணியின் உரை முடியுமளவும் ஒருவரும் நீங்கலாகாது என்று வேண்டிக்கொண்டு, தான் தனியே வெளியேறுகின்றான்.

அந்தோணி அந்த மானத்தையே கையில் எடுக்கின்றான். கொலைஞரைப் பழிக்கலாகாது என்னும் கட்டுப்பாட்டை எழுத்தளவில் மீறாமல், புரூட்டசு மானமுடையோன் என்று திரும்பத் திரும்பப் புகழ்கின்றான். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அருகே ஒரு செய்தியை வைக்கின்றான்: மீட்புப்பணம் அரசுக் கருவூலத்தை நிறைத்தது, ஏழையர் அழக்கண்டு சீசர் அழுதது, மும்முறை முடியை மறுத்தது. சொல் மாறவில்லை, அதன் பொருள் தேய்ந்து, இறுதியில் துரோகிகள் என்று கூட்டமே அதனைத் திருத்திவிடுகின்றது. பின்னர்க் குத்துண்ட மேலாடை, உடல், ஆளுக்கு 75 திராக்கமா வழங்கும் உயில். அந்தோணி மெய்யன் என்பதற்கில்லை. அவ்வுயிலின் கொடைகளைக் குறைக்க வழிதேடுபவனாகவே அவனை நான்காம் அங்கம் காட்டுகின்றது. வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் அவையறிதலுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். புரூட்டசிடம் முன்னது உண்டு. பின்னது அறவே இல்லை.

படைவீட்டுப் பூசலில் இக்குறை மேலும் கூர்மையாகப் புலப்படுகின்றது. கையூட்டு வாங்கினாய் என்று காசியசைக் கடிந்தவன், அதே மூச்சில், தான் கேட்ட பொன்னை அனுப்பவில்லை என்றும் குறைகூறுகின்றான். இழிந்த வழியில் பணம் தண்டத் தன்னால் இயலாதாம்! அப்பொன்னைக் காசியசு எவ்வழியில் தண்டியிருப்பான் என்று அவன் எண்ணவில்லை. (இக்காட்சியில் போர்சியாவின் இறப்பு இருமுறை அறிவிக்கப்படுவதும், இரண்டாம் முறை புரூட்டசு அறியாதான்போல் கேட்பதும், திருத்தப்பட்ட பழம்படி ஒன்று நீக்கப்படாமல் அச்சேறியதன் விளைவு எனப் பதிப்பாளர் சிலர் கருதுவர்.) பிலிப்பிப் போரையும் காசியசின் அறிவுரைக்கு மாறாக அவனே வேண்டி ஏற்கின்றான். கி.மு. 42-இல் ஏறத்தாழ மூன்று வார இடைவெளியில் நிகழ்ந்த இரு போர்களை ஆசிரியர் ஒரே நாளில் அடக்கியுள்ளார். அதனால் காசியசின் சாவும் புரூட்டசின் சாவும் ஒரு பிழையின் இரு பயன்களாய்த் தோன்றுகின்றன.

அவன் உடலருகே நின்று அந்தோணி இறுதியாகப் புகழும் புகழ்ச்சியில் எள்ளல் இல்லை. மற்றையோர் பொறாமையால் கொன்றனர், இவனோ பொதுநன்மை கருதினான் என்கின்றான். அதற்குச் சற்று முன், வாளின்மேல் வீழப்போகும் புரூட்டசு, தன் வாழ்நாள் முழுவதும் தனக்கு மெய்யாக நடவாதவர் ஒருவரையும் கண்டதில்லை என்று கூறி மகிழ்கின்றான். சாளரத்தின் வழி வந்த மடல்களை எழுதியவர் யார் என்பதை நாடகத்தில் எவரும் அவனுக்குச் சொல்லவேயில்லை.