குழந்தைக்கு ஞானஸ்நானம்: ஊரிலா, இங்கேயா?

நம் சங்கத்து உறுப்பினர்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கணிசமாக உண்டு. குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள் அந்த வீடுகளில் எழும் முதல் கேள்வி, ஞானஸ்நானத்தை ஊரில் வைப்பதா, மும்பையிலேயே வைப்பதா என்பதுதான். பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் பங்குக் கோயிலில் தமிழ்க் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது என் வேலையாகிவிட்டது. சென்ற ஆண்டு என் பேரனுக்கும் அதே படிவத்தை நிரப்பினேன். அந்த அனுபவத்தைக் கொண்டு சில விவரங்களை எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன் என்பதால் அம்முறையைப் பற்றியே அதிகம் இருக்கும். மற்ற சபைகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

திருச்சபைச் சட்டப்படி குழந்தையின் ஞானஸ்நானம், அதாவது திருமுழுக்கு, பெற்றோரின் பங்கில் நடப்பதே வழக்கம். பங்கு என்றால் நாம் விரும்பிப் போகும் கோயில் அல்ல. நாம் குடியிருக்கும் தெரு எந்தக் கோயிலின் எல்லைக்குள் வருகிறதோ அதுதான். நம்மவர்களில் பலர் தமிழ்த் திருப்பலிக்காக ரயில் ஏறி வேறொரு கோயிலுக்குப் போகிறார்கள். தெருக்கோடியில் இருக்கும் பங்கில் அவர்கள் பெயரே பதிவாகியிருக்காது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் நாளில்தான், 'நீங்கள் யார்?' என்ற கேள்வி வருகிறது. கர்ப்பகாலத்திலேயே குடும்பத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பெற்றோருக்கான ஆயத்த வகுப்பும் உண்டு. அதைப் பிரசவத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது, பிறகு தூக்கத்துக்கே நேரம் கிடைக்காது. தமிழ்க் குருவானவர் வந்து தமிழில் சடங்கை நடத்த வேண்டும் என்று விரும்பினால், பங்குத்தந்தையின் அனுமதியை முன்கூட்டியே கேட்க வேண்டும். தவக்காலத்தில் பல பங்குகளில் ஞானஸ்நானம் வைப்பதில்லை. அதையும் பார்த்துத் தேதி குறிக்கவும்.

ஊரில் வைப்பதென்றால் இங்குள்ள பங்குத்தந்தையிடம் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். கூடவே ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஞானஸ்நானம் எங்கே நடந்ததோ அந்தக் கோயில் பதிவேட்டில்தான் பிள்ளையின் பெயர் ஆயுள் முழுவதும் இருக்கும். உறுதிபூசுதலும் திருமணமும் எங்கே நடந்தாலும் அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே குறிக்கப்படும். ஆகவே திருமணத்தின்போது பழைய சான்றிதழ் செல்லாது. ஆறு மாதத்துக்குள் எடுத்த புதிய பிரதியைக் கேட்பார்கள். இருபத்தைந்து ஆண்டு கழித்து உங்கள் மகள் புனேயில் திருமணம் செய்தாலும் கடிதம் அந்தக் கிராமத்துக்குத்தான் போக வேண்டும். இதற்குப் பயந்து ஊரைத் தவிர்க்கச் சொல்லவில்லை. தாத்தா பாட்டி பயணம் செய்ய முடியாத வயதில் இருந்தால் ஊரிலேயே வையுங்கள் என்பதுதான் என் கட்சி. காகிதத்தைப் பிறகு சித்தப்பா பிள்ளை யாராவது வாங்கி அனுப்புவார்கள்.

அடுத்தது ஞானப் பெற்றோர். ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். பதினாறு வயது நிறைந்து, நற்கருணையும் உறுதிபூசுதலும் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். குழந்தையின் தாய் தந்தையர் அந்த இடத்தில் நிற்க முடியாது. படிக்க எளிதாக இருக்கிறது, வீட்டில்தான் சிக்கல் வருகிறது.

எங்கள் வீட்டில் வந்தது. என் மருமகன் பாளையங்கோட்டைக்காரர், சி.எஸ்.ஐ. சபை. அவருடைய அக்காதான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று சம்பந்தி அம்மாள் கர்ப்பகாலத்திலேயே சொல்லி வைத்திருந்தார். விதியை அறிந்ததும் தொலைபேசியில், 'அண்ணாச்சி, எங்க பிள்ளை வாங்குன ஞானஸ்நானம் உங்க கோயில்ல செல்லாதாக்கும்?' என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் இரண்டு குடும்பமும் முகம் பார்க்காமல் நிற்குமோ என்ற பயம்.

பங்குத்தந்தை பொறுமையாக விளக்கினார். தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவி என மூவரின் பெயரைச் சொல்லி அளிக்கப்படும் சி.எஸ்.ஐ. ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை முழுமையாக ஏற்கிறது. அப்படி ஞானஸ்நானம் பெற்றவர் கத்தோலிக்கராகச் சேர்ந்தாலும் இன்னொரு முறை தரப்படுவதில்லை. ஞானப் பெற்றோரின் கடமை குழந்தையைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்க உதவுவது என்பதால்தான் அந்த இடம் கத்தோலிக்கருக்கு. ஆனால் ஒரு கத்தோலிக்க ஞானத் தந்தையோ தாயோ இருந்தால், வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் கிறிஸ்தவ சாட்சியாக உடன் நிற்கலாம். அவர் பெயரும் பதிவேட்டில் ஏறும். இத்தகைய கலப்பு மணங்களில், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாக வாக்குக் கொடுப்பது கத்தோலிக்கத் தரப்பு மட்டுமே. மற்றவருக்கு அது தெரிவிக்கப்படுகிறது, அவ்வளவுதான். இதைச் சம்பந்தி வீட்டாரிடம் திருமணத்தின்போதே பேசிவிடுங்கள் என்று இப்போது எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

மருமகனின் அக்கா வந்தார். சம்பந்தி அம்மாள் முட்டிவலியால் வர இயலவில்லை. தம் கையால் தைத்த வெள்ளைச் சட்டையைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அதைத்தான் பேரனுக்குப் போட்டோம். அவர் வருத்தம் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பேச்சு நிற்கவில்லை, அது போதும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கே உரிய தொல்லை இனிஷியல். ஊர்ப் பதிவில் 'அ. ஜெனிபர்' என்பது இங்கே பள்ளியில் தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று விரியும். பிறப்புச் சான்றிதழை முதலில் வாங்கி, அதே எழுத்துகளைக் கோயில் படிவத்தில் எழுதுங்கள். புனிதர் பெயர் கட்டாயம் அல்ல. கிறிஸ்தவ உணர்வுக்கு முரணாக இருக்கக் கூடாது என்பதே விதி. இனியா, அமுதன் தாராளமாக வைக்கலாம். பிறப்புப் பதிவில் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம். ஞானஸ்நானச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

அழைப்பின் பேரில் வரும் பிற மத அன்பர்களுக்காகச் சடங்கைச் சொல்கிறேன். கோயில் வாசலில் குழந்தையின் பெயரைக் கேட்டு நெற்றியில் சிலுவை அடையாளம் இடுவார்கள். வாசகம், செபம், மார்பில் எண்ணெய். பெற்றோரும் ஞானப் பெற்றோரும் தீமையை விட்டு விலகி விசுவாசத்தை அறிக்கையிடுவார்கள். பிறகு தலையில் மூன்று முறை தண்ணீர். உச்சியில் கிறிஸ்மா தைலம், வெள்ளை ஆடை, பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரி. குழந்தை அழுவது வழக்கம்தான், யாரும் பதற வேண்டாம். கழற்ற எளிதான சட்டையும் ஒரு துண்டும் இருந்தால் போதும். புகைப்படக்காரரைத் தொட்டிக்கு எதிரே நிற்க வைத்தால் தாத்தா பாட்டிக்கு எதுவும் தெரியாது.

குறைமாதக் குழந்தை, உயிருக்கு ஆபத்து என்றால் குருவானவருக்காகக் காத்திருக்க வேண்டாம். திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்துடன் யாரும், கிறிஸ்தவர் அல்லாத செவிலியர்கூட, தலையில் தண்ணீர் ஊற்றி மூவொரு கடவுளின் பெயரால் 'நான் உனக்கு' என்று சொல்லிக் கொடுக்கலாம். 'நாங்கள்' என்று மாற்றிச் சொன்னால் செல்லாது என்று ரோமாபுரி 2020இல் தெளிவாக்கியது. பிழைத்து வரும் குழந்தைக்கு மீண்டும் தண்ணீர் ஊற்றுவதில்லை. விடுபட்ட சடங்குகளை மட்டும் கோயிலில் நிறைவு செய்வார்கள். அன்று யார் கொடுத்தார்கள், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள், பதிவேட்டுக்கு வேண்டும்.

சி.எஸ்.ஐ. குடும்பங்கள் வடக்கே வரும்போது பெரும்பாலும் சி.என்.ஐ. சபையில் சேர்கிறார்கள். 1970இல் ஆறு சபைகள் இணைந்து உருவானது அது. பாப்டிஸ்டு சபையாரும் அதில் இணைந்ததால் குழந்தை ஞானஸ்நானம், குழந்தையைப் பிரதிஷ்டை செய்து வளர்ந்தபின் ஞானஸ்நானம் என்ற இரு முறைகளுக்கும் அங்கே இடமுண்டு. எது வேண்டும் என்று ஆயரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தைக்குப் பிரதிஷ்டை மட்டுமே. பிள்ளை வளர்ந்து தானே கேட்கும்போது முழுக்கு.

சடங்கு முடிந்து பிரியாணிப் பந்திக்கு ஓடுவதற்கு முன் பதிவேட்டில் எழுதியதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தமிழ் தெரியாத எழுத்தருக்கு 'செல்வராஜ்' என்பதற்கு நான்கு வகை எழுத்து உண்டு. அங்கேயே திருத்தினால் ஒரு நிமிட வேலை.