புதியவன் என்றொரு பெயர்

பொருளியல் வரலாறு கற்பித்த ஆண்டுகளில், இடப்பெயர்வை நான் எண்களாகவே கரும்பலகையில் எழுதி வந்தேன். எத்தனை பேர் வந்தனர், கூலி எவ்வளவு மாறியது என்பதே பாடம். வந்தவரை ஊரார் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்று கேட்கத் தோன்றியதில்லை. போலந்து நாட்டில் அதற்கு ஒரு விடை இருக்கிறது.

அந்நாட்டில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் 'நோவாக்'. சுமார் 2 லட்சம் பேருக்கு இப்பெயர் உண்டு. கொல்லரைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடைய 'கோவால்ஸ்கி' இதற்கு அடுத்த இடத்தில்தான் உள்ளது. 'நோவி' என்றால் புதியது. நோவாக் என்றால் புதிதாக வந்தவர். செக் நாட்டிலும் ஸ்லோவேனியாவிலும் இதே பெயர்தான் முதலிடம் வகிக்கிறது.

இவர்கள் அனைவரும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் அல்லர். ஒவ்வொரு சிற்றூரும் தன்னிடம் வந்த அந்நியருக்குத் தனித்தனியே சூட்டிய பெயர் இது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் போலந்தின் நிலவுடைமையாளர்கள், காடு திருத்திப் பயிரிட முன்வந்தோருக்குச் சில ஆண்டுகள் வாரம், வரி ஆகியவற்றிலிருந்து விலக்கு அளித்தனர். 'சுதந்திரம்' எனப் பொருள்படும் 'வோலா' என்ற ஊர்ப்பெயர்கள் அந்தச் சலுகையின் எச்சங்கள். ஆள் பற்றாக்குறை இருந்தவரை புதியவருக்கு வரவேற்பு இருந்தது.

பின்னர் நிலைமை மாறியது. 1496-இல் இயற்றப்பட்ட பியோட்ர்கூவ் சட்டம், ஒரு கிராமத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு குடியானவர் மட்டுமே வெளியேறலாம் என வரையறுத்தது. உழைப்பாளியை நிலத்தோடு பிணைத்த அந்த ஏற்பாடு, ரஷிய ஆட்சியிலிருந்த போலந்தில் 1864 வரை முழுமையாக நீங்கவில்லை. அத்தகைய காலத்தில் வேற்றூரில் 'புதியவன்' என்று அழைக்கப்பட்டவன், தளையை அறுத்துக்கொண்டு வந்தவனாகவும் இருந்திருக்கலாம். பிரபுவின் பெயர் அவர் உடைமையான ஊரைச் சொன்னது. நோவாக்கின் பெயரோ அவன் வந்து சேர்ந்ததை மட்டுமே சொன்னது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ரூர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் அமெரிக்காவின் சிகாகோ நகருக்கும் போலந்துத் தொழிலாளர்கள் சென்றபோது, இப்பெயரும் உடன் சென்றது. 'புதியவன்' மீண்டும் புதியவன் ஆனான்.

இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் பிடியிலிருந்த வார்சாவுக்கும் லண்டனுக்கும் இடையே இரகசியத் தூதராகச் செயல்பட்ட யெஜோரான்ஸ்கி, 'யான் நோவாக்' என்னும் புனைபெயரைச் சூடிக்கொண்டார். போருக்குப் பின்னும் அப்பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. நோவாக்-யெஜோரான்ஸ்கி என்றே வரலாறு அவரை அறிகிறது. ஒரு காலத்தில் அந்நியனைச் சுட்டிக்காட்டிய சொல், அவர் காலத்தில் போலந்து மக்களிடையே எவர் கண்ணிலும் தனித்துத் தெரியாத பெயராகியிருந்தது.

'வந்தேறி' என்ற சொல்லை இன்று உலகெங்கும் பல மொழிகளில் வசையாக வீசுகின்றனர். நோவாக் என்ற பெயரோ ஒரு நாட்டின் மிகச் சாதாரணமான பெயராகிவிட்டது. வந்தவர் எத்தனை தலைமுறை கடந்தால் ஊர்க்காரர் ஆவார் என்பதற்குப் பொருளியலில் சூத்திரம் இல்லை. யார் முன்னால் வந்தார் என்ற கணக்கை ஊர் மறக்கும்போதுதான் அது நிகழ்கிறது.