பானட்டுக்கு அடியில் – 11: டர்போ மேல் விழும் பழி

டர்போ போன வண்டியைக் கொண்டுவருகிறவர் முதலில் கேட்பது, புது டர்போ என்ன விலை என்பதைத்தான். கரையான்சாவடியில் ஆவடி ரோடு பிரியும் இடத்தைச் சுற்றியுள்ள ஒர்க்‌ஷாப்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. விவரம் தெரிந்த மெக்கானிக் உடனே விலை சொல்ல மாட்டார். "மாட்டிடலாம் சார். ஆனா சம்ப்பைக் கழட்டிப் பார்க்காம மாட்ட மாட்டேன். மாட்டினா புதுசும் போயிடும்" என்பார். கூலியை ஏற்றப் பார்க்கிறார் என்று வண்டிக்காரருக்குத் தோன்றும். அப்படிச் சொல்கிற மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

சம்ப் என்பது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி. அதற்குள் இறங்கும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கும். ஸ்ட்ரைனர் என்பார்கள். பம்ப் உறிஞ்சும் ஆயில் முழுக்க இந்த வலையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். ஆயில் கெட்டுப்போன இன்ஜினில் சம்ப்பை இறக்கிப் பார்த்தால் வலையின் கண்ணே தெரியாது. மாட்டு வண்டி அச்சில் அப்பிய மை போலக் கறுப்பாக அடைத்திருக்கும். நடுவில் இருப்பது விரலால் வழித்தால் வரும். ஓரத்தில் கருகிப் பொருக்காகிப்போனதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இதுதான் ஸ்லட்ஜ்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம், சில இன்ஜின்களில் இரண்டு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். பெட்ரோல் வண்டியில் அதன் ஒரு முனையை உரசிப் போகும் புகையின் சூடு 900 டிகிரியைத் தொடும். அந்தத் தண்டு பேரிங்கைத் தொடாமல் மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்தபடி சுழல்கிறது. வலை பாதி அடைத்து ஆயில் வரத்து குறைந்ததும் முதலில் தவிப்பது இதுதான். டேஷ்போர்டில் ஆயில் லைட் அப்போது எரிந்திருக்கவே வேண்டியதில்லை. பிரஷர் மிகவும் இறங்கிய பிறகுதான் அது எரியும். வலையைக் கவனிக்காமல் டர்போவை மட்டும் மாற்றினால், அடுத்து கிராங்க் பேரிங் போகும், அதன் பிறகு இன்ஜின் சீஸ் ஆகும். டர்போவைக் குற்றவாளியாக்குவது, தாகத்தில் முதலில் விழுந்தவனையே பழி சொல்வதுதான்.

ஆயில் ஏன் இப்படிக் கெடுகிறது? சூட்டில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஆயில் தடிக்கிறது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் புகையும், எரியாத பெட்ரோலும், ஈரமும் அதில் கலக்கின்றன. சூடான இன்ஜினைச் சட்டென்று அணைத்தால், டர்போவுக்குள் தங்கிய ஆயில் அங்கேயே கருகுகிறது. இவை எல்லாவற்றையும் விட நம் ஊரில் பெரிய காரணம், வண்டி ஓடாமல் இன்ஜின் மட்டும் ஓடுவது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரும் மெட்ரோ வழித்தடத்தில் கரையான்சாவடியும் ஒரு நிலையம். வேலை நடந்த ஆண்டுகளில் போரூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையே கார்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு நின்ற நேரத்துக்குக் கணக்கே இல்லை. பக்கத்தில் பள்ளம் தோண்டிய ஜேசிபியில் ஹவர் மீட்டர் உண்டு. அதற்கு ஆயில் மாற்றுவது மணிக்கணக்கில். காரில் கிலோமீட்டர்தான் கணக்கு. சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓடினால் இன்ஜின் உழைத்தது 200 மணி நேரம். அதே தூரத்தை 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து கடந்தால் 660 மணிக்கும் மேல். ஓடோமீட்டரில் இரண்டும் ஒன்றுதான், ஆயிலுக்கு அப்படி இல்லை. பல கார்களின் கையேட்டில் நெரிசல், தூசி, குறுகிய பயணம் ஆகியவற்றைக் கடினப் பயன்பாடு என்று குறித்து, ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பழி முழுவதும் வண்டிக்காரர் மேல் என்றும் சொல்ல முடியாது. ஸ்வீடனின் சாப் 9-5 காரில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் சூடு சம்ப்பைத் தாக்கியது. ஸ்லட்ஜ் புகார்கள் குவிந்து, 1999 முதல் 2003 வரையிலான மாடல்களுக்கு நிறுவனம் 8 ஆண்டுப் பாதுகாப்பு கொடுத்தது. ஃபோக்ஸ்வேகன் பஸாத், ஆடி ஏ4 கார்களின் 1.8 லிட்டர் டர்போ இன்ஜினுக்கும் 2004-ல் அமெரிக்காவில் அதே 8 ஆண்டு. ஆனால் ஆயில் மாற்றியதற்கு ரசீது காட்ட வேண்டும் என்றார்கள்.

நம் பக்கத்தில் மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ இன்ஜினில் டைமிங் பெல்ட் ஆயிலிலேயே நனைந்து ஓடும். பெட்ரோல் கலந்து கெட்ட ஆயில் ரப்பரை அரிக்கிறது; உதிரும் துணுக்குகள் போய்ச் சேருவது அதே வலையில். இந்த இன்ஜினோடு அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான ஈகோஸ்போர்ட் கார்களையும், கூடவே ஃபோகஸ் கார்களையும் சேர்த்து ஏறக்குறைய 1,40,000 வண்டிகளை 2023 டிசம்பரில் ஃபோர்டு திரும்ப அழைத்தது. ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட் தேய்ந்தோ, அதன் டென்ஷனர் உடைந்தோ பிரஷர் போய்விடுகிறது என்பது காரணம். பழைய ஈகோபூஸ்ட் வாங்குகிறவர்கள் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வென்யூ, நெக்ஸான், ஃப்ராங்க்ஸ் என்று டர்போ பெட்ரோல் இன்று நடுத்தரக் குடும்பத்துக்கும் வந்துவிட்டது. ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பழுப்பு மெருகு மட்டும் இருந்தால் கவலையில்லை. கட்டியாகக் கறுப்பு தெரிந்தால், ஃப்ளஷ் ஊற்றிக் கழுவுகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்; கரைந்து பெயரும் கட்டி நேராக வலையில் போய் அடைக்கும். சம்ப்பை இறக்கி, வலையைக் கழற்றிச் சுத்தம் செய்து, டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பையும் மாற்றச் சொல்லுங்கள். ஆயில் கிரேடு எழுதிய பில்லைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

(அடுத்த வாரம்: டீசல் வண்டியின் புகை வடிகட்டி)