விஸ்காம் என்னும் பெயரில் இரு படிப்புகள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து வெளிச்செல்லும் பெட்டிகளின் மீது பெயரும் சின்னமும் வண்ணமும் காண்கிறோம். அவற்றை அமைப்பது வரைகலைத் தொழில். சித்திரம் வரையும் நம்மில் பலர், இதற்கு ‘விஸ்காம்’ படித்தால் போதும் என எண்ணுகிறோம். ஆனால் அப்பெயரில் இருவகைப் படிப்புகள் உள்ளன.

மூன்றாண்டு பி.எஸ்ஸி. படிப்பில் புகைப்படம், திரைப்படம், விளம்பரம் எனப் பலவும் இடம்பெறும். நான்காண்டு பி.எப்.ஏ. படிப்போ ஓவியத்தையும் வடிவமைப்பையும் அடிப்படையாகக் கொண்டது. 1850இல் டாக்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியே இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கே இப்படிப்பு உண்டு. சேருவதற்கு வரைந்து காட்ட வேண்டும். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் ரயில்கள் சென்றடையும் சென்ட்ரலுக்கு அது அருகிலேயே உள்ளது.

எனவே பெற்றோரே, விண்ணப்பம் வாங்குமுன் பாடத்திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். ஓவியத்திற்கு எத்தனை மணி நேரம்? எழுத்துருவமைப்பு கற்பிக்கப்படுகிறதா? மாணவியர் செய்த வேலைகளைக் காட்டுவார்களா?

வேறு படிப்பில் சேர்ந்தவர்களும் மனம் தளர வேண்டாம். 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்ச் சின்னத்தை வடிவமைத்த தமிழர் உதயகுமார், முதலில் கட்டடக்கலை பயின்றவரே! இறைவன் தந்த தாலந்தைப் புதைக்காமல், ஏற்ற நிலத்தில் விதைப்போமாக.