செனுவாவின் செவியில் ஒலிக்கும் குரல்கள்

வீடியோ கேம் என்னும் சாதனம் மனோவியாதியின் வேதனையைச் சொல்ல வல்லதா என்ற கேள்விக்கு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் ஏறக்குறைய இருபது பேர் கொண்ட சிறு குழு படைத்து 2017 ஆகஸ்டு மாதம் வெளியிட்ட 'ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்' என்ற சிருஷ்டியே தக்க விடையென்று நான் கருதுகிறேன்.

எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்னி தீவுகளில் பிறந்த பிக்ட் குலத்து வீராங்கனை செனுவா, வடதேசத்துக் கொள்ளையர் பலியிட்ட தன் காதலன் டில்லியனின் ஆன்மாவை மீட்கும் பொருட்டு, அவனுடைய சிரத்தை இடையில் கட்டிக்கொண்டு, ஹெல்ஹைம் என்னும் பிரேதலோகத்தை நோக்கிப் புறப்படுகிறாள். அவளோடு வேறு யாரும் வரவில்லை. ஆயினும் ஒரு கணமேனும் அவள் தனித்திருப்பதில்லை. அவள் செவிக்கு மட்டுமே கேட்கும் பல பெண் குரல்கள் அவளை ஏசுகின்றன, தடுக்கின்றன, தமக்குள்ளேயே தர்க்கம் செய்கின்றன.

மனிதத் தலையைப் போல் வடிவமைத்து இரு காதுகளின் ஸ்தானத்தில் மைக்ரோபோன் பொருத்திய கருவியைச் சுற்றி நடிகையர் நடமாடிப் பேச, அதைப் பதிவு செய்திருப்பதால், ஹெட்போன் அணிந்து ஆடுகிறவருக்கு ஒரு குரல் பிடரியின் பின்னாலும் மற்றொன்று இடது காதருகிலும் எழுகிறது. அக்குரல்கள் சத்துருக்கள் மட்டுமல்ல என்பதில்தான் இப்படைப்பின் உண்மை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. "உன்னால் ஆகாது, திரும்பிப் போ" என்று சற்று முன்பு பரிகசித்தவையே, யுத்தத்தின் நடுவே முதுகுப் புறமாக ஒருவன் வாளோங்கும்போது எச்சரித்து அவள் உயிரைக் காக்கின்றன.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் மனநல மருத்துவரும் பேராசிரியருமான பால் ஃபிளெட்சரின் ஆலோசனையோடு நில்லாமல், அசரீரிக் குரல்களைக் கேட்டு வாழ்கிறவர்களையே அழைத்து, செய்தவற்றைக் காட்டி, அவர்கள் அபிப்பிராயத்தைக் கேட்டுப் படைப்புக் குழுவினர் திருத்திக்கொண்டதன் பலனே இந்த உண்மை. பூட்டிய கதவில் பொறித்த எழுத்தின் வடிவத்தை மரக்கிளைகளிலும் நிழல்களிலும் தேடிக் கண்டால்தான் வழி திறக்கும் என்ற ஏற்பாடும், சம்பந்தமற்ற பொருள்களிலெல்லாம் தனக்கென ஒரு சங்கேதத்தைக் காணும் சித்தத்தின் இயல்பை, விவரித்துச் சொல்லாமலே, ஆடுகிறவரின் கண்ணுக்குப் பழக்கிவிடுகிறது.

செனுவாவை வாட்டுவது பிரமை ஒன்றே என்றால் அவள் துயரம் பாதியாகக் குறைந்திருக்கும். அவளைச் சாபத்துக்கு ஆளானவள் என்று சொல்லி இருளில் அடைத்து வளர்த்த தந்தை ஸின்பெல், அதே குரல்களைக் கேட்ட அவள் தாயைத் தீக்கிரையாக்கியவன். கதையின் மிகக் கொடூரமான குரல் அவனுடையதாகவே ஒலிப்பதும், குரல்களைக் கேட்பதைக் காட்டிலும் கேட்பவளைப் பாவியாக்கும் சுற்றமே பெரும் ஹிம்சை என்று காட்டுவதும், மருத்துவ நூல்களில் எளிதில் உணரக் கிடைக்காத தெளிவு.

இறுதிப் போரில் எவ்வளவு திறமையாக வாள் வீசினாலும் பகைவர் குறைவதில்லை. செனுவா வீழ்ந்தால்தான் கதை மேலே நகரும். டில்லியன் மீளமாட்டான் என்பதை அவள் ஏற்கிறாள், ஆனால் வியாதி தீர்ந்து குரல்கள் ஓய்ந்துவிட்டன என்ற சௌகரியமான முடிவை ஆசிரியர்கள் அளிக்கவில்லை; அவை உடன்வரவே அவள் நடக்கிறாள். அக்குரல்களோடு அவள் எவ்விதம் வாழ்கிறாள் என்பதை 2024-இல் வெளிவந்த இரண்டாம் பாகம் சொல்கிறது.