காரை விற்று டோக்கியோ போன சுசீலா!

ஜூலை 24, 2021. டோக்கியோவில் மீராபாய் சானு பளு தூக்கி வெள்ளி வாங்கியதை நாடே கொண்டாடியது. டீக்கடை டிவி முதல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வரை அன்று அவர் முகம்தான்.

அதே நாள், அதே டோக்கியோ. மீராபாயின் மாவட்டமான மணிப்பூரின் கிழக்கு இம்பாலைச் சேர்ந்த இன்னொரு பெண்ணும் களத்தில் நின்றார். அந்த ஒலிம்பிக்கில் ஜூடோவுக்கு இந்தியா அனுப்பிய ஒரே ஆள் அவர். எதிரே ஹங்கேரியின் எவா செர்னோவிச்கி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். நான்கு நிமிட ஆட்டம் முழுசாகக்கூட ஓடவில்லை. சுசீலா தேவி லிக்மாபம் முதல் சுற்றிலேயே வெளியேறினார். மறுநாள் பேப்பரில் அவருக்குக் கிடைத்தது ஒரு ஓரத்துப் பத்தி.

அந்த நான்கு நிமிடத்துக்காக அவர் தன் காரை விற்றிருந்தார்.

கபடியும் சிலம்பமும் தெரிந்த திண்டுக்கல் பக்கத்து வாசகர்களுக்கு ஜூடோ கொஞ்சம் அந்நியம்தான். 1882-ல் ஜப்பானில் ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் உருவாக்கிய கலை இது. அடி கிடையாது, உதை கிடையாது. எதிராளியின் முரட்டுச் சட்டையைப் பற்றி, நிலை குலையவைத்து, மல்லாக்கத் தூக்கிப் போட வேண்டும். முதுகு முழுசாகத் தரையில் படும்படி வேகமாக விழுந்தால் 'இப்பான்'. ஆட்டம் அங்கேயே முடிந்தது. அரைகுறையாக விழுந்தால் 'வாசா-அரி'. அது இரண்டு சேர்ந்தால் ஒரு இப்பான். எதிராளியை 20 விநாடி தரையோடு அமுக்கி வைத்தாலும் இப்பான்தான். பூட்டும் உண்டு! முழங்கையை மட்டும் மடக்கிப் பூட்டலாம். வலி தாங்காதவர் கையால் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இதையாவது விளக்க வேண்டியதில்லை.

பெண்களுக்கு இந்த விளையாட்டு சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 1959-ல் நியூயார்க்கில் ரஸ்டி கனோகோகி என்ற பெண் ஆண் போல வேடமிட்டுப் போட்டியில் கலந்துகொண்டு ஜெயித்தார். விஷயம் தெரிந்ததும் பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒலிம்பிக்கில் ஆண்கள் ஜூடோ 1964-லேயே வந்தாகிவிட்டது. பெண்களுக்கு முழுமையான போட்டியாக வைக்க 1992 வரை ஆனது.

ஏழு வயதில் பிடித்த சட்டை

சுசீலா பிறந்தது 1995-ல், இம்பாலை ஒட்டிய ஹெய்ங்காங்கில். ஜூடோ அவர் குடும்பத்திலேயே இருந்தது. நெருங்கிய உறவினர் ஒருவர் சர்வதேச வீரர், அண்ணனும் ஜூடோக்காரர். 2002 டிசம்பரில், ஏழு வயதில் இம்பாலின் குமான் லம்பாக் விளையாட்டு வளாகத்துக்கு அழைத்துப் போனார்கள். ஜூடோவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஆளைத் தூக்கிப் போடச் சொல்லித் தருவது அப்புறம்தான். அடிபடாமல் எப்படி விழுவது என்பதுதான் முதல் பாடம். நாள்கணக்கில் விழுந்துகொண்டே இருப்பார்கள்.

மணிப்பூருக்கு இது புதிதல்ல. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்குப் போன புரோஜேஷோரி தேவியும், 2008 பெய்ஜிங்குக்குப் போன டோம்பி தேவியும் அந்த மண்ணின் பெண்கள்தான். சுசீலா 2010-ல் பஞ்சாபின் பாட்டியாலாவில் உள்ள தேசியப் பயிற்சி மையத்துக்கு மாறினார். அங்கே பயிற்சியாளர் ஜீவன் சர்மாவின் கையில் தேறினார். அவருடைய பிரிவு 48 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டைவிடவும் இரண்டு கிலோ குறைவு! போட்டிக்கு முன் தராசில் அந்த எண்ணைத் தாண்டினால் களத்துக்கே போக முடியாது. அதனால் சாப்பாட்டிலும் தண்ணீரிலும் கணக்குப் பார்த்தே வளர்ந்த உடம்பு அது.

2014 ஜூலை 24. ஆம், டோக்கியோவுக்குச் சரியாக ஏழு வருடம் முன்பு, இதே தேதி. கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியின் இறுதிச் சுற்றில் சுசீலாவுக்கு எதிராக நின்றது உள்ளூர் ஸ்காட்லாந்துப் பெண் கிம்பர்லி ரெனிக்ஸ். அரங்கம் மொத்தமும் அவர் பக்கம். கிம்பர்லி தங்கம் வென்றார். அடுத்த பிரிவில் அவருடைய சகோதரி லூயிஸும் தங்கம். 19 வயது சுசீலாவுக்கு வெள்ளி.

அதற்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2016 ரியோ ஒலிம்பிக் வாய்ப்பு கிடைக்கவில்லை. 2018-ல் தொடையின் பின்பக்கத் தசையில் காயம். ஆசிய விளையாட்டுப் போட்டியைத் தவறவிட்டார். உடம்பைவிட மனம்தான் அதிகம் அடிபட்டது. விளையாட்டையே விட்டுவிடும் அளவுக்குச் சோர்ந்துபோயிருந்த நாள்கள் அவை.

கார் போன கதை

ஜூடோவில் ஒலிம்பிக் டிக்கெட் ஒரே போட்டியில் கிடைப்பதில்லை. உலகம் முழுக்க நடக்கும் போட்டிகளுக்குப் போய்ப் போய்ப் புள்ளி சேர்க்க வேண்டும். தரவரிசையில் மேலே வந்தால்தான் இடம். விமான டிக்கெட், தங்குமிடம், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ஒரு காவல்துறை ஊழியரின் சம்பளம் எம்மாத்திரம்? சுசீலா மணிப்பூர் காவல் துறையில் வேலை பார்த்தவர். ஆசையாக வைத்திருந்த காரை விற்று வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போனார். காமன்வெல்த் பதக்கம் வென்ற ஒருவர் அப்படி விற்க வேண்டி வந்தது நமக்குப் பெருமை தரும் செய்தி அல்ல.

பிறகு கொரோனா. 2021 ஏப்ரலில் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் தகுதிப் போட்டி. இந்திய அணியில் இருவருக்குத் தொற்று உறுதியானதும் மொத்த அணியும் விலக வேண்டியதாயிற்று. அதுவரை சேர்த்த புள்ளிகள்தான் கைகொடுத்தன. ஆசியக் கண்டத்துக்கான ஒதுக்கீட்டில் டோக்கியோ கதவு திறந்தது. உள்ளே போனதும் நடந்ததைத்தான் முதலிலேயே பார்த்தோம்.

அந்த 48 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் யார் தெரியுமா? கொசோவோவின் டிஸ்ட்ரியா கிராஸ்னிச்சி. இருபது லட்சம் பேர்கூட இல்லாத நாடு. அதில் அவர் ஊரான பேயா, திண்டுக்கல் நகர மக்கள்தொகையில் பாதிகூடத் தேறாது. 2016 ரியோவில் கொசோவோவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த மஜ்லிண்டா கெல்மெண்டியும் அதே ஊர். டோக்கியோ முடிந்தபோது அந்த நாட்டின் கையில் இருந்த ஒலிம்பிக் பதக்கங்கள் மூன்று. மூன்றும் தங்கம், மூன்றும் ஜூடோ, மூன்றும் பெண்கள் வென்றவை! எல்லோருக்கும் பயிற்சியாளர் ஒருவர்தான், டிரிட்டன் குகா. போர் முடிந்த ஊரில் ஒரு பயிற்சிக்கூடம், விடாப்பிடியான ஒரு மனிதர். இதைப் படிக்கும்போது நம் சிறு நகரங்களின் பள்ளி மைதானங்கள் நினைவுக்கு வராமல் போகாது.

டோக்கியோவோடு சுசீலா ஓய்ந்துவிடவில்லை. 2022 ஆகஸ்ட் 1, பர்மிங்ஹாம் காமன்வெல்த். அரையிறுதியில் மொரீஷியஸின் பிரிசில்லா மொராண்டை இப்பானில் வீழ்த்தினார். இறுதிச் சுற்றில் தென்னாப்பிரிக்காவின் மிகேலா வைட்பூய். நான்கு நிமிடம் முடிந்தும் முடிவு இல்லை. யார் முதலில் புள்ளி எடுக்கிறாரோ அவருக்கே வெற்றி என்கிற 'கோல்டன் ஸ்கோர்' நேரத்துக்குப் போனது. 25 விநாடியில் ஒரு வாசா-அரி. அது வைட்பூய்க்குப் போனது. எட்டு வருட இடைவெளியில் மறுபடி வெள்ளி. அதே போட்டியில் டெல்லியின் தூலிகா மானும் 78 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் வெள்ளி வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனது அவர்தான்.

பர்மிங்ஹாம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சரயேவோவில் நடந்த கேடட் உலக சாம்பியன்ஷிப்பில் லிந்தோய் சனம்பம் என்ற மணிப்பூர்ப் பெண் 57 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். எந்த வயதுப் பிரிவிலும் உலக ஜூடோ சாம்பியன்ஷிப்பில் இந்தியா வாங்கிய முதல் பதக்கம் அது. 2025-ல் பெருவின் லிமாவில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில், 63 கிலோவுக்கு மாறியிருந்த அவர் வெண்கலமும் வாங்கிவிட்டார். ஒலிம்பிக் ஜூடோவில் மட்டும் இந்தியாவின் பதக்கப் பெட்டி இன்னும் காலி. அடுத்தது 2028, லாஸ் ஏஞ்சல்ஸ்.