அம்மாவும் உட்கார்ந்து சாப்பிடட்டும்!

வீட்டிலேயே செய்யலாம் ஜப்பானியக் கடலுணவுச் சட்டி

உங்களிடம் ஒரு கேள்வி. நேற்று இரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவர் யார்?

இதே கேள்வியை என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நாள் கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் "அம்மா, டீச்சர்" என்றார்கள். ஒரு பையன் மட்டும், "எங்கம்மா சாப்பிட்டு நான் பார்த்ததே இல்ல, டீச்சர்" என்றான். அன்று முழுவதும் எனக்குப் பாடம் நடத்த மனம் ஓடவில்லை.

விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிமார், எல்லாருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்டார்கள். இன்று நம்மில் பலர் லயத்தை விட்டு ஈப்போவுக்கும், சுங்கை சிப்புட்டுக்கும், தாமான் வீடுகளுக்கும் வந்துவிட்டோம். அம்மாவின் தட்டு மட்டும் இன்னும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அதை வெளியே கொண்டுவர ஒரு சமையல் எனக்கு உதவியது. ஜப்பானியர் இதை 'நாபே' என்பார்கள். நாபே என்றால் சட்டி. பலவற்றையும் சேர்த்துச் செய்வதால் 'யோசேநாபே' என்றும் ஒரு வகை உண்டு. அடுப்பு மேசை நடுவில் இருக்கும். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, வேக வேக எடுத்துச் சாப்பிடுவார்கள். சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் நம் சீன நண்பர்கள் வீட்டில் கொதிக்கும் 'ஸ்டீம்போட்' இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானியச் சமையல் என்றதும் எங்கள் வீட்டில் ஒரு முகம் இருண்டது. தொண்ணூறு வயதை நெருங்கும் பாட்டி, என் மாமியாரின் தாயார். "ஜப்பான்காரன் சோறா? எங்கப்பா சயாமுக்குப் போனவரு. திரும்பி வரல" என்றார். நான் பதில் பேசவில்லை. பாட்டிக்குத் தனியாக ரசம் வைத்தேன். மேசையில் மட்டும் எங்களோடு உட்காரச் சொன்னேன்.

சாறுதான் உயிர்

நாபேயின் ருசி எல்லாம் அதன் சாற்றில் இருக்கிறது. கொம்பு என்னும் கடற்பாசியிலோ, காய்ந்த மீனிலோ சாறு எடுப்பார்கள். 1908-இல் இக்கேடா என்ற தோக்கியோ பேராசிரியர், கொம்புச் சாற்றின் ருசி எதனால் வருகிறது என்று ஆராய்ந்து கண்டுபிடித்தார். அதுதான் மறு ஆண்டே அஜினோமோட்டோவாகக் கடைக்கு வந்தது. சாறு நன்றாக இருந்தால் அந்தப் பொட்டலம் நமக்குத் தேவையே இல்லை.

கொம்பு தேடி அலையவும் வேண்டாம். காய்ந்த நெத்திலியில் சாறு எடுப்பது ஜப்பானில் பழைய வழக்கம். நம் பங்கோர்த் தீவு பிலிசுக்குப் பெயர் பெற்றதாயிற்றே! 50 கிராம் பிலிசை எடுத்து, தலையையும் வயிற்றுக் கறுப்பையும் கிள்ளி எறியுங்கள். அவைதான் கசப்பைத் தருபவை. நம் பிலிசில் உப்பு அதிகம். ஆகையால் இரண்டு முறை அலசி, இரண்டு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அதே தண்ணீரோடு சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். நுரையை நீக்கி வடிகட்டுங்கள். நான்கு மேசைக் கரண்டி உப்புக் கிச்சாப், ஒரு தேக்கரண்டி சீனி, நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு சேருங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேர்த்தால் போதும். ஜப்பானியர் அரிசி மதுவும் ஊற்றுவார்கள். நமக்கு அது வேண்டாம்.

ஆறு பேருக்குத் தேவையானவை

சியாக்காப் அல்லது தெங்கிரி மீன் அரைக் கிலோ, இறால் 300 கிராம், சோத்தோங் இரண்டு, லாலா அரைக் கிலோ, தவ்பூ இரண்டு கட்டி, நீள முட்டைக்கோசு பாதி, கேரட் ஒன்று, காளான் ஒரு கைப்பிடி, ஈப்போவின் கொழுத்த தவ்கே இரண்டு கைப்பிடி, வெங்காயத்தாள் கொஞ்சம்.

லாலாவில் மணல் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் உப்புக் கலந்து, அதில் லாலாவை இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள். மணலைத் தானே கக்கிவிடும். மீன் கவிச்சி போக நாம் மஞ்சளும் புளியும் தடவுவோம். ஜப்பானியர் மீன் துண்டுகள் மேல் வெந்நீரை ஊற்றி, உடனே பச்சைத் தண்ணீரில் அலசுவார்கள். இதற்கு அந்த முறையே ஏற்றது.

தொட்டுக்கொள்ள, கிச்சாப்பும் லீமாவ் கஸ்தூரிச் சாறும் சம அளவு கலந்து, சிலிப்பாடி இரண்டு நறுக்கிப் போடுங்கள்.

மேசையில் செய்வது

சாறு கொதித்ததும் முதலில் கேரட், முட்டைக்கோசுத் தண்டு, காளான். ஐந்து நிமிடம் கழித்து மீனும் லாலாவும். பிறகு இறாலும் தவ்பூவும். இலையும் தவ்கேயும் அதன் பின். சோத்தோங் கடைசியில், இரண்டே நிமிடம். அதற்கு மேல் வெந்தால் ரப்பராகிவிடும். ரப்பரைப் பற்றி நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்? மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். தீரத் தீரப் போடுங்கள்.

எதை எப்போது போடுவது என்று அதிகாரம் செய்பவரை ஜப்பானில் கேலியாக 'நாபே புக்யோ' என்பார்கள். புக்யோ என்றால் அந்தக் காலத்து அரசு அதிகாரி. நாம் 'சட்டிக் கிராணி' என்று சொல்லலாம். இந்தப் பதவியை வீட்டு ஆண்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அம்மா எழுந்து போக வேலையே இருக்கக்கூடாது.

கவனம் தேவை

கோலா செப்பாத்தாங் கடலோரச் சேற்றில் கெராங் வளர்க்கிறார்கள். அதையும் இதில் போடலாம். ஆனால் வெந்நீரில் முக்கி எடுத்து அரைவேக்காட்டில் தின்னும் பழக்கம் ஆபத்தானது. 1988-இல் சீனாவின் ஷங்ஹாய் நகரில், சரியாக வேகாத சிப்பியைத் தின்று ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் மஞ்சள் காமாலையில் விழுந்தார்கள். லாலாவானாலும் கெராங்கானாலும் வாய் திறந்த பிறகும் மூன்று நிமிடம் கொதிக்கட்டும். திறக்காததை எறிந்துவிடுங்கள். பச்சை மீன் எடுக்கும் கரண்டி வேறு, சாப்பிடும் கரண்டி வேறாக இருக்க வேண்டும்.

மேசையில் வைக்கும் சிறு கேஸ் அடுப்பில், கேஸ் டப்பாவுக்கு மேலும் நீளும் அகலச் சட்டியை வைக்காதீர்கள். டப்பா சூடேறினால் வெடிக்கும். மூடிய அறைக்குள் கரியடுப்பு வேண்டவே வேண்டாம். அதன் புகை ஆளைக் கொல்லும்.

கடைசியில் கஞ்சி

எல்லாம் தீர்ந்ததும் மிஞ்சும் சாற்றில் ஆறிய சோறு இரண்டு கிண்ணம் போட்டுக் கொதிக்கவிட்டு, இரண்டு முட்டையை அடித்து ஊற்றி, வெங்காயத்தாள் தூவுங்கள். அதைப் பார்த்த பாட்டி, "கஞ்சியா? ஒரு வாய் கொடு" என்றார். மீனைத் தொடவில்லை. கஞ்சி மட்டும் குடித்தார்.

கஞ்சி ஆறும் நேரத்தில் என் மகள், "சயாம்னா என்ன, பாட்டி?" என்று கேட்டாள். பாட்டி சொல்லத் தொடங்கினார். 1942, 43-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்காகப் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டதை நான் பாடப்புத்தகத்தில் படித்தவள். ஆனால், அப்பா லாரியில் ஏறியபோது மகளின் கையில் அவித்த மரவள்ளிக் கிழங்கைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பதை அன்றுதான் கேட்டேன். பதினேழு ஆண்டுகளாக நான் அந்த வீட்டு மருமகள். இந்தக் கதையைப் பாட்டி கூடத்தில் முன்பும் சொல்லியிருப்பார். நான் அடுப்படியில் இருந்திருப்பேன்.

ஆகையால், வரும் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் இதைச் செய்து பாருங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: சட்டியைக் கழுவப்போவது யார்? எங்கள் வீட்டில் அது என் கணவர்.